இரண்டு மையில் எழுதிய பாட்டு

பொலோன்யா
1729 ஜனவரி 8

அன்புள்ள ஒர்சோலா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் எர்சிலியா அக்காவும் உயிரோடுதான் இருக்கிறோம். என் கடிதம் வந்தால் உனக்கு எது ஞாபகம் வரும் என்று தெரியும். அதனால்தான் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடமாக நம் இருவருக்கும் நடுவே புது வருட வாழ்த்து ஒன்றுதான் போய் வந்துகொண்டிருக்கிறது. அதையும் யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுவது போல எழுதிக்கொள்கிறோம். இப்போது எழுத எனக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. இந்த ஊர்ச் சங்கீதக் கழகத்துப் பெரிய மனிதர்கள் என்னை ஒரு கட்டுரை படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தவக்காலத்து முதல் ஞாயிறு, மார்ச் ஆறாம் தேதி. தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'ஓபராவில் ஒருவர் தனியாக நின்று பாடும் ஆரியா என்பது என்ன? அது எங்கிருந்து பிறந்தது?'

பதினோரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், நீச்சல் தெரியாதவன் ஆற்றைப் பற்றி எழுதியது போல இருக்கிறது. நான் இதுவரை ஒரே ஒரு ஆரியாதான் எழுதியிருக்கிறேன். கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவனுக்கு அதற்கு மேல் யார் வாய்ப்புக் கொடுப்பார்கள்? நீயோ ஒன்பது வருடமாக மேடையில் நிற்கிறாய். ஆகவே உன்னைக் கேட்கிறேன். ஆரியா என்றால் என்ன, ஒர்சோலா?

அக்காவிடம் இதைச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. "ஏண்டா, கட்டின பொண்டாட்டிக்கு ஒரு லெட்டர் போட உனக்கு ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாம் கூடிக் கேள்வி கேட்டாத்தான் ஆகுமா? 'வீட்டுக்கு வா'ன்னு ரெண்டு வார்த்தை எழுதறதுக்குப் பதினோரு பக்கமா?" என்றாள்.

அதையும் எழுதிவிடுகிறேன். பாஸ்கா பண்டிகைக்கு வீட்டுக்கு வா.

இன்னொன்று. நான் எழுதிய அந்த ஒரே ஆரியா உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. என்னிடம் நகல் இல்லை. கட்டுரையில் உதாரணமாகக் காட்ட ஒரு பிரதி எடுத்து அனுப்புவாயா?

உன்
தத்தேயோ

◆

தூரின்
1729 ஜனவரி 17

மதிப்புக்குரிய கணவருக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க மேஜைமேல் வைத்திருந்தேன். வீட்டுக்காரம்மா இரண்டு தடவை தூசி தட்டிவிட்டுப் போனாள். உங்கள் கையெழுத்து எனக்கு என்ன செய்யும் என்று நீங்களே எழுதிவிட்டதால் அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

இங்கே நல்ல குளிர். ஜன்னலைத் திறந்தால் பனிமலை முகத்துக்கு நேரே நிற்கிறது. காலையில் பச்சை முட்டை, மத்தியானம் கஞ்சி, சாயங்காலம் மேடை. இந்தக் கார்னிவல் திருவிழாக் காலம் முழுக்க எனக்கு இரண்டாவது பாடகி வேடந்தான். ராணியின் தோழி. மூன்று ஆரியா கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, உங்களுக்குத் தெரியாததா, எலுமிச்சைச் சாற்றைப் பனியில் உறைய வைத்து விற்பவன் ஜனங்கள் உட்காரும் மாடங்களுக்குள் வரும் நேரத்தில் பாட வேண்டியது. என் மாதிரி இரண்டாம் ஆட்கள் பாடும்போதுதான் ஜனங்கள் ஐஸ் சாப்பிடுவார்கள், சீட்டு ஆடுவார்கள், எதிர் மாடத்துப் பெண்ணின் கழுத்துச் சங்கிலியை எடைபோடுவார்கள். நான் பாடிக்கொண்டிருப்பேன். அறுநூறு கரண்டிகள் கிண்ணத்தில் இடிபடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஆலங்கட்டி மழை மாதிரி இருக்கும்.

ஆரியா என்றால் என்ன என்று கேட்டீர்கள். உங்கள் பெரிய மனிதர்களுக்கு இப்படி எழுதுங்கள். ஓபராவில் பேச்சுப்பாட்டு என்று ஒன்று உண்டு. அதில் கதை நடக்கும். கடிதம் வரும், சண்டை வரும், ராஜா செத்துப்போவார். அதை யாரும் கவனிப்பதில்லை. பிறகு எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். கதை நின்றுவிடும். ஒரே ஒருத்தி முன்னால் வந்து, நடந்ததற்குத் தன் மனசு என்ன சொல்கிறது என்று பாடுவாள். ஒரு பகுதி பாடுவாள். அதற்கு மாறாக இரண்டாவது பகுதி ஒன்று பாடுவாள். திரும்ப முதல் பகுதிக்கே வந்து, தன்னால் முடிந்த சங்கதியெல்லாம் போட்டு மறுபடி பாடுவாள். பாடியதும் மேடையை விட்டுப் போய்விட வேண்டும். நிற்கக்கூடாது. அது எங்கள் வழக்கம். பாடினவள் போனால்தான் கைதட்டு விழும்.

நானும் அதைத்தான் செய்தேன். வெனிஸிலிருந்து வந்தேன், ஒன்பது நாள் நம் வீட்டில் இருந்தேன், போய்விட்டேன். என்ன குறை சொல்கிறீர்கள்?

பிரதி கேட்டிருக்கிறீர்கள். தர முடியாது. ஒவ்வொரு பாடகிக்கும் பெட்டியில் ஒரு பாட்டு உண்டு. எந்த ஊர், எந்த நாடகம், எந்த வேடமானாலும் வார்த்தையை மாற்றி அதை நுழைத்துவிடுவாள். எனக்கு இதுதான். மிலானில் இதைப் பாரசீகத்து அடிமைப் பெண்ணாகப் பாடினேன். இங்கே ஐஸ் நேரத்தில் பாடுகிறேன். மூன்றாம் நாள் கதாநாயகன் வேடம் போடுகிறவர் என் அறை வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, நீ அந்தப் பாட்டை எடுத்ததும் ஜனங்க கரண்டியைக் கீழ வெச்சுடறாங்களாம். ஐஸ்காரன் எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தறான். 'நீங்க பாடறப்ப மட்டும் ஏன் சார் நல்லா விக்குது'ன்னு கேக்கறான், படவா" என்றார். பாவம், அவருக்கு இரண்டு நாள் என் மேல் கோபம்.

எர்சிலியா அக்காவுக்கு என் வணக்கம். பாஸ்காவைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது.

ஒர்சோலா

◆

பொலோன்யா
1729 ஜனவரி 26

அன்புள்ள ஒர்சோலா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கரண்டி வருகிற இடத்தை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நம் வீட்டில் கரண்டி என்ற சொல்லை நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

பதினோரு பக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு நீ சொன்னதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். 'பிறந்தது எங்கே' என்ற பாதிக்கு மட்டும் புத்தகங்களைப் புரட்டினேன். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஃபிளாரன்ஸில் சில பிரபுக்கள் கூடி, பழைய கிரேக்கர்கள் நாடகத்தைப் பாடியே நடித்தார்கள் என்று தீர்மானித்தார்களாம். நேரில் பார்த்தவர்கள் போலத்தான். அதுவரை நாலைந்து குரல்கள் பின்னிக்கொண்டு பாடும் பாட்டுக்குத்தான் மதிப்பு. யார் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்றே காதில் விழாது. இவர்கள் ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு, கீழே வீணை மாதிரி ஒரு வாத்தியத்தை மெல்ல மீட்டச் சொன்னார்கள். கதையைச் சொல்லிக்கொண்டே போனதில் கேட்பவர்களுக்குத் தூக்கம் வந்தது. நடுவே நாலு அடி, ஒரே மெட்டில், தெருவில் பாடுவது போல ஒன்றைச் செருகினார்கள். அதைத்தான் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். நம் பாஷையில் ஆரியா என்றால் காற்று. மெட்டுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். முதலிலிருந்து மறுபடி பாடும் பழக்கம் ரொம்பப் பிந்தி, நம் அப்பாக்கள் காலத்தில் வந்தது.

ஏன் மறுபடி பாட வேண்டும் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் காரணம் இல்லை. பாடகிகளுக்குச் சங்கதி போட இடம் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே மழை விடவே இல்லை. தூண் மண்டபங்களுக்குள்ளேயே நடந்து கோயிலுக்குப் போய் வருகிறேன். கோயில் தரையில் அவள் மேல் கிடக்கும் கல்லில் ஈரம் படாமல் சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். ஆர்கன் மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் கல் நேரே தெரிகிறது. தினமும் இரண்டு பூசைக்கு அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறேன். உனக்கு இதை இதுவரை நான் எழுதியதில்லை.

பாட்டை அனுப்ப வேண்டாம். உன்னிடமே இருக்கட்டும். நீ வா.

தத்தேயோ

◆

தூரின்
1729 பிப்ரவரி 4

தத்தேயோ,

மரியாதை வார்த்தைகளை இந்தக் கடிதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

கல்லைப் பற்றி எழுதிவிட்டீர்கள். இனி நானும் எழுதலாம். 1727 பிப்ரவரியில் நான் வெனிஸில் இருந்தேன். நம் மெனிகாவுக்கு நாலு வயது முடிந்து ஒரு மாதம். பிப்ரவரி பதின்மூன்றாம் தேதி உங்களிடமிருந்து கட்டு ஒன்று வந்தது. உள்ளே ஒரு புதுப் பாட்டு. கூட ஒரு துண்டுச் சீட்டு: 'உனக்காக எழுதினேன். பாடு.' வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு என்ன பெருமை! என் கணவர் எனக்காகப் பாட்டு எழுதியிருக்கிறார் என்று ஒப்பனைக்காரியிடம்கூடக் காட்டினேன். மறுநாளே நாடகத்தில் சேர்த்துக்கொண்டேன். ஜனங்கள் மறுபடி மறுபடி கேட்டார்கள். சங்கதி மேல் சங்கதி போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன். கிடைத்த சந்தோஷத்தில் கடைவீதிக்குப் போய் மெனிகாவின் கழுத்துக்கு ஒரு சின்னப் பவழக் கிளை வாங்கினேன், கண் படாமல் இருக்கட்டும் என்று. கார்னிவல் முடிந்து திருநீற்றுப் புதன் அன்று, பிப்ரவரி இருபத்தாறு, நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்தால் உங்கள் கடிதம். எட்டாம் தேதியே குழந்தை போய்விட்டாள் என்று.

பதினெட்டு நாள், தத்தேயோ. என் குழந்தை இல்லாத உலகத்தில் பதினெட்டு நாள் நான் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். பொலோன்யாவிலிருந்து வெனிஸ் மூன்று நாள் தூரம். பாட்டு வந்த அதே தபால் வண்டியில் செய்தியும் வந்திருக்கலாம். அன்று நான் உங்களிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்லிவிடுவீர்கள், அதை நான் நம்ப வேண்டியதாகிவிடும் என்று பயந்தேன்.

இப்போது கேட்கிறேன். அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். முதல் பகுதி பழுப்பு மையில் இருக்கிறது. இரண்டாவது பகுதி கறுப்பு மையில் இருக்கிறது. கீழே 'மீண்டும் முதலிலிருந்து' என்று எழுதியிருப்பதும் கறுப்பு. எதை எந்தத் தேதியில் எழுதினீர்கள்? அவள் இருக்கும்போதா, போன பிறகா?

இது தெரியாமல் என்னால் வீட்டுக்கு வர முடியாது. தெரிந்தால் வராமலே போனாலும் போவேன். ஆனாலும் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம்.

ஒர்சோலா

◆

பொலோன்யா
1729 பிப்ரவரி 14

ஒர்சோலா,

பழுப்பு மை ஜனவரி முப்பது. நல்ல வெயில் அடித்த நாள். நான் செம்பலோவை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெனிகா அதன் கீழே, என் காலடியில், அக்காவின் மரக்கரண்டியால் வாத்தியப் பெட்டியின் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே பாடினாள். நாலு ஸ்வரம் மேலே ஏறுவாள், ஐந்தாவது எட்டாது. தொப்பென்று கீழே வந்துவிடுவாள், சிரிப்பாள், மறுபடி ஏறுவாள். "அப்பா, எனக்கு அது வர மாட்டேங்குது, நீ போய் எடுத்துட்டு வா" என்றாள். நான் அந்த ஐந்தாவது ஸ்வரத்தைத் தொட்டுக் கொடுத்தேன். முதல் பகுதி அவ்வளவுதான். அது அவளுடைய பாட்டு. நான் எழுதி மட்டும் வைத்தேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி காய்ச்சல். வைத்தியர் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார். எட்டாம் தேதி காலை, முதல் பூசை மணி அடிக்கும்போது போய்விட்டாள். அக்கா மடியில்தான் இருந்தாள். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். ஒன்பதாம் தேதி கோயில் தரைக் கல்லைத் தூக்கி அவளைக் கீழே வைத்தார்கள்.

பத்தாம் தேதி உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மைக்கூட்டில் மை உறைந்து கட்டியாகக் கிடந்தது. அக்கா போய்ப் புதுக் குப்பி வாங்கி வந்தாள். அதுதான் கறுப்பு. 'ஒர்சோலா' என்று உன் பேரை எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. பக்கத்தில் அந்தத் தாள் கிடந்தது. கடிதத்துக்குப் பதிலாக அதில் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பகுதி முழுக்க அன்றைக்கே வந்துவிட்டது. முடிவில் நின்றுவிட்டேன். அதற்கு அப்பால் என்ன எழுத முடியும்? 'மீண்டும் முதலிலிருந்து' என்று எழுதினேன். எல்லோரும் எழுதுவதுதான். ஆனால் அன்று எனக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி இருந்தது. முதல் பகுதிக்குப் போனால் அவள் செம்பலோ கீழே உட்கார்ந்திருப்பாள். பாடுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அங்கே திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும். ஏன் மறுபடி பாட வேண்டும் என்று புத்தகத்தில் தேடினேனே, எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான்.

ஏன் செய்தியை அனுப்பவில்லை? அக்காவிடம் சொன்னது இது: "அவளுக்காவது இன்னும் கொஞ்ச நாள் குழந்தை உயிரோட இருக்கட்டும் அக்கா." அது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். அழகாக எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். மீதியையும் எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் பாட்டு நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்நாளில் அதுபோல ஒன்று அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. உன் வாயால் அதை வெனிஸ் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செய்தி போனால் நீ புறப்பட்டு வந்துவிடுவாய், பாட்டை யாரும் பாட மாட்டார்கள் என்பது எனக்கு அந்த நிமிஷம் தெரியும். குழந்தையைப் புதைத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, நான் கைதட்டலை நினைத்தேன். அக்காவுக்கு இது தெரியாது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை.

இதற்கு மன்னிப்புக் கேட்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

தத்தேயோ

◆

பொலோன்யா
1729 பிப்ரவரி 28

ஒர்சோலா,

இன்றும் தபால் வண்டியில் உன் கடிதம் இல்லை. அதைப் பற்றி முறையிட எனக்கு வாய் இல்லை.

கழகத்துக்குக் கட்டுரை படிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தலைவரே வீட்டுக்கு வந்துவிட்டார். "என்ன ஓய், ஆரியா எங்கேருந்து பொறந்ததுன்னு கண்டுபிடிக்க முடியலையா உமக்கு?" என்று கேட்டார். கண்டுபிடித்தேன், ஆனால் உங்கள் சபையில் சொல்லக்கூடியதாக இல்லை என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு எழுதியதை எல்லாம் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என் தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்த் தனியாகச் சாப்பிட்டாள். நாலாம் நாள், "அவளுக்கு எழுதிட்ட இல்ல? அப்ப சரி. இனி அவ பாடு" என்றாள்.

நாளையோடு கார்னிவல் முடிகிறது. பிறகு நீ எந்த ஊருக்குப் போவாய் என்று எனக்குத் தெரியாது. எங்கே போனாலும் குரலைப் பார்த்துக்கொள். பனியில் தலையை மூடாமல் நடக்காதே.

தத்தேயோ

◆

தூரின்
1729 மார்ச் 3

தத்தேயோவுக்கு,

உங்கள் பதினான்காம் தேதிக் கடிதம் பத்தொன்பதாம் தேதி கிடைத்தது. பதில் போடவில்லை. போட்டிருந்தால் அதை உங்களால் படித்திருக்க முடியாது. பத்து நாள் அந்தப் பாட்டைப் பாடாமல் வேறொன்றைப் பாடினேன். ஐஸ்காரனுக்கு நல்ல வியாபாரம்.

கடைசி நாள், செவ்வாய்க்கிழமை, அதைப் பாடியே ஆக வேண்டும் என்று கொட்டகைக்காரர் சொல்லிவிட்டார். "ஜனங்க அதுக்குத்தாம்மா வந்திருக்காங்க, என் மானத்தை வாங்கிடாதே" என்று கெஞ்சினார். சரி என்று போய் நின்றேன்.

இரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை பாடியிருக்கிறேன். என் காலடியில் யாரோ உட்கார்ந்து கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து பாடியது அன்றுதான். நாலு ஸ்வரம் ஏறி, ஐந்தாவதை எட்டும் இடத்தில் நான் எப்போதும் பெரிய பிருகா ஒன்று போடுவேன். அதற்குத்தான் கைதட்டுவார்கள். அன்று போடவில்லை. அவள் கேட்ட ஸ்வரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது பகுதியையும் பாடினேன். அதை எழுதும்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. நீங்கள் தனியாக இருந்தீர்கள். நான் இங்கே தனியாக இருந்த மாதிரியே.

வயலின்காரர்கள் திரும்ப முதலிலிருந்து எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று நினைத்துச் செம்பலோக்காரர் என் முதல் வார்த்தையை அடிக்குரலில் எடுத்துக் கொடுத்தார். மறுபடி ஒருமுறை எடுத்தார்கள். பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. முதல் பகுதி முழுவதையும், குரல் இல்லாமல், வாத்தியங்களே வாசித்து முடித்தன. பாடினவள் போய்விட வேண்டும் என்பது வழக்கம். பாடாமல் எப்படிப் போவது? நான் நின்றேன். முழுக்கக் கேட்டேன். அந்தப் பாட்டை நான் இதுவரை கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது, பாடியதோடு சரி. யாரும் கைதட்டவில்லை. கரண்டிச் சத்தமும் இல்லை. அழுதுகொண்டே உள்ளே போனேன்.

கொட்டகைக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா இது, பாட்டைப் பாதியில விட்டுட்டியே!"

"விடல. பாட்டு அவ்வளவுதான்" என்றேன்.

நேற்று திருநீற்றுப் புதன். சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ஒன்று சொல்கிறேன். 'அவள் செம்பலோ கீழே உட்கார்ந்திருப்பாள்' என்பது வரைக்கும் மட்டும் எழுதி நிறுத்தியிருந்தீர்களானால் நான் வீட்டுக்கு வரச் சம்மதித்திருக்க மாட்டேன். அது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதை எல்லாம் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கைதட்டலை நினைத்தேன் என்று எழுதினீர்களே, அந்த அசிங்கமான வரிதான் உங்கள் கையெழுத்து மாதிரி இருந்தது. அதைப் படித்துவிட்டு உங்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க வேண்டுமானால் பக்கத்தில் வந்தாக வேண்டும் அல்லவா? மன்னித்தேன் என்று இப்போது எழுத மாட்டேன். நான் பாடிய பதினெட்டு நாளில் நானும் கைதட்டலை நினைத்தேன். வீட்டிலிருந்து குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது? உங்களிடந்தான் சொல்ல முடியும்.

பத்தாம் தேதி இங்கிருந்து வண்டி புறப்படுகிறது. பியாச்சென்சா வழியாக வருகிறேன். சேறு அதிகம் இருந்தால் ஒரு வாரம் ஆகும். அக்காவிடம் சொல்லுங்கள், தவக்காலம் என்பதால் எனக்காக விசேஷமாக ஒன்றும் வேண்டாம், பருப்புக் கஞ்சி போதும். அந்த மரக்கரண்டியை ஒளித்து வைத்திருந்தால் எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். பவழக் கிளை என் பெட்டியில் அப்படியே இருக்கிறது. வந்ததும் முதலில் கோயிலுக்குப் போவோம். கல்லுக்குப் பக்கத்தில் அதை எப்படி வைப்பது என்று உங்கள் பாதிரியாரிடம் கேட்டு வையுங்கள்.

நீங்கள் கேட்ட பாட்டை இதோடு அனுப்புகிறேன். நகல் இல்லை, உங்கள் தாளேதான். கீழே 'மீண்டும் முதலிலிருந்து' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். இரண்டு வருடம் திரும்பித் திரும்பி அங்கேயே போய்ப் பார்த்துவிட்டோம், நீங்களும் நானும். அவள் நாலு வயதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நமக்கு வயசாகிறது. இரண்டாவது பகுதிக்குப் பிறகு இன்னொன்று இருக்கத்தான் வேண்டும். அதற்காகத் தாளின் மிச்ச இடத்தில் வெறும் கோடுகள் போட்டிருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணல். வீட்டுக்காரம்மாவிடம் நல்ல அளவுகோல் இல்லை.

உடனே பேனாவை எடுத்துவிடாதீர்கள். இந்தத் தடவை நான் பக்கத்தில் இருக்கும்போது எழுதுங்கள்.

உங்கள்
ஒர்சோலா